பேராதனை மாணவர் அரங்கும் வட்டக்களரியும்

பல்கலைக்கழக மாணவர் அரங்குகளின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் இருவகைச் செய்திகளையே தொகுத்து வைக்கின்றனர். எந்த ஆண்டில் எந்த நாடகம் மேடையேறிற்று என்பது ஒன்று. மண்டபத்தில் எத்தனை இருக்கைகள் உள, எத்தகைய விளக்குகள் உள என்பது மற்றொன்று. இவ்விரண்டும் வேண்டுவனவே. ஆயினும், அரங்கின் வடிவம் அதில் ஆடப்பெறும் நாடகத்தை என் செய்தது என்னும் வினாவை இவ்வரலாறுகள் எழுப்புவதில்லை. மேடையை ஒரு கொள்கலம் என்றும், நாடகத்தை அதனுள் ஊற்றப்பெறும் நீர் என்றும் கருதும் பிழையே இதற்குக் காரணம். இலங்கைப் பல்கலைக்கழகத் தமிழ் மாணவர் அரங்கை, குறிப்பாக 1960-களில் பேராதனையில் நிகழ்ந்த கூத்து முயற்சியை, இந்நோக்கில் மறுபடியும் ஆராய வேண்டியுள்ளது. அம்முயற்சி பலராலும் போற்றப்பட்டுள்ளது. சிலரால் வன்மையாகக் கடியவும் பட்டுள்ளது. போற்றியோரும் கடிந்தோரும் ஒன்றைக் கருதாது விட்டனர் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

இக்கட்டுரை வண்டியூரிலிருந்து எழுதப்பெறுவது. ஈழத்து அரங்கைப் பற்றி எழுதுவதற்கு வண்டியூர் எவ்வாற்றான் உரிய இடமாகும் என்று வினவலாம். 1645-ஆம் ஆண்டில் திருமலை நாயக்கர் அமைத்த தெப்பக்குளம் இங்கேதான் உள்ளது. நாற்புறமும் படிகள், நடுவே மையமண்டபம். தைத் தெப்பத்தன்று தெப்பம் அம்மண்டபத்தைச் சுற்றி வருகையில் நாற்கரையிலும் நின்று மக்கள் காண்கின்றனர். அவர்களுள் எவரும் ‘முன்வரிசை’யில் இல்லை; எவரும் ‘பின்வரிசை’யிலும் இல்லை. தெப்பம் சுற்றுவதாலேயே எல்லார்க்கும் காட்சி கிட்டுகிறது. ஒரு கரையினர்க்கு மறைந்தது அடுத்த கரையினர்க்குத் தோன்றும்; மறைந்தது மீளவும் வரும். மட்டக்களப்பின் வட்டக்களரியைப் பற்றி நூல்களில் மட்டுமே படித்தறிந்த ஒருவர்க்கு அதன் இயல்பை விளக்க இதனினும் நல்ல உவமை இல்லை.

மதுரைக்கும் ஈழத்து நாடக ஆராய்ச்சிக்கும் உள்ள தொடர்பு இவ்வுவமையோடு முடிவதன்று. விளாச்சேரியிற் பிறந்த சூரியநாராயண சாஸ்திரியார், தமிழர் நெஞ்சில் பரிதிமாற் கலைஞராய் நிலைத்தவர், 1897-இல் ‘நாடகவியல்’ இயற்றினார். ஈழத்துக் காரைதீவில் 1892-இல் தோன்றிய விபுலாநந்த அடிகள், மதுரைத் தமிழ்ச் சங்கத்தில் 1924-இல் நாடகத் தமிழ் குறித்து ஆற்றிய உரையை விரித்து, 1926-இல் ‘மதங்கசூளாமணி’யை அச்சங்கத்தின் வாயிலாகவே வெளியிட்டார். சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு அடியார்க்கு நல்லார் வகுத்த உரையையும், சேக்சுபியரின் பன்னிரண்டு நாடகங்களையும், தனஞ்சயரின் தசரூபகத்தையும் ஒருங்கு வைத்து நாடக இலக்கணம் காண முயன்ற நூல் அது. அதன் புலமை வியக்கத்தக்கது. ஆனால் காரைதீவுக்கு அணித்தாய ஊர்களில் அந்நாளிலும் விடியவிடிய ஆடப்பெற்று வந்த கூத்து அந்நூலின் கட்டமைப்பில் இடம் பெறவில்லை. இது விபுலாநந்தர் ஒருவர்க்கே உரிய குறையன்று. 1918-இல் இம்மதுரையிலேயே சங்கரதாஸ் சுவாமிகள் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நிறுவிச் சிறுவர்களைக் கொண்டு நாடகம் நடத்தினார். நாடகத் தமிழின் இலக்கணத்தை ஆராய்ந்த அவையும், நாடகத் தமிழை இரவுதோறும் ஆடிய சபையும் ஒரே நகரில் இருந்தன. அவை ஒன்றையொன்று நோக்கியதற்குச் சான்று அரிது.

இந்நிலையில், 1943-இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதற் தமிழ்ப் பேராசிரியராக விபுலாநந்த அடிகளே பொறுப்பேற்றார் என்பது கருதத்தக்கது. 1921-இல் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி 1942-இல் பல்கலைக்கழகமாயிற்று. ஐவர் சென்னிங்சு அதன் முதற் துணைவேந்தர். கொழும்பில் இருந்த நாளில் மாணவர் நாடகம் என்றால் ஆங்கில நாடகமே. ஆங்கிலப் பேராசிரியர் லூடோவைக் பயிற்றிய நாடக மன்றம் கிங் ஜார்ஜ் மண்டபத்தில் ஐரோப்பிய நாடகங்களை ஆடிப் பெரும்புகழ் எய்தியது. சிங்கள மாணவரும் முதற்கண் அவ்வழியையே பின்பற்றினர். உருசிய ஆசிரியர் கோகோலின் நாடகமொன்றைத் தழுவி 1945-இல் சிங்களத்தில் ஆடியதனை இதற்குச் சான்றாகக் காட்டலாம்.

தமிழ்த் துறையில் இம்மரபினின்றும் விலகிய ஒரு முயற்சியைத் தொடங்கியவர் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை. இவர்தம் ‘நானாடகம்’ 1940-லும், ‘இரு நாடகம்’ 1952-லும் வெளிவந்தன. மேடையிற் செந்தமிழே ஒலிக்க வேண்டும் என்ற எண்ணம் மேலோங்கியிருந்த காலத்தில், யாழ்ப்பாணத்துப் பேச்சு வழக்கை அவ்வாறே எழுதி மாணவரைப் பேசவைத்தார். மொழியியல் கற்றவராதலின் பேச்சு வழக்கின் ஒலியையும் தொடரையும் அவர் வேடிக்கைக்காகக் கையாளவில்லை. மாந்தர்தம் நிலையையும் நினைப்பையும் அவ்வழக்கே காட்டும் என்று துணிந்து கையாண்டார். ‘உடையார் மிடுக்கு’ முதலியவற்றைப் படிப்போர் இதனை எளிதில் உணர்வர். இந்நாடகங்கள் பல்கலைக்கழகத் தமிழ் மாணவரால் மேடையேற்றப்பட்டன. அவற்றை நெறிப்படுத்தும் பொறுப்பில் அவருடைய மாணவர் சு. வித்தியானந்தன் துணை நின்றார். நடித்தோருள் பின்னாளிற் பேராசிரியராய் விளங்கிய கா. சிவத்தம்பி ஒருவர். நாடக வரலாற்றாசிரியர் கணபதிப்பிள்ளையை மொழிப்புரட்சியாளராகக் காண்பர், அது சரியே. எனினும், அரங்கின் அமைப்பில் அவர் எம்மாற்றமும் செய்யவில்லை. ஒருமுகமாய் அமைந்த மண்டப மேடை, திரை, காட்சி மாற்றம் ஆகிய யாவும் முன்பிருந்தவையே. பேச்சு ஊரிலிருந்து வந்தது. மேடை கிங் ஜார்ஜ் மண்டபத்திலிருந்து வந்தது.

1952-இல் பல்கலைக்கழகம் பேராதனைக்குப் பெயர்ந்தது. மகாவலி ஆற்றின் மருங்கில், அந்தானை மலையடிவாரத்தில் அமைந்த அவ்வளாகத்தின் மலைச்சரிவிலுள்ள பள்ளம் ஒன்று திறந்தவெளி அரங்காயிற்று. சிங்கள வழக்கில் அதனைப் பள்ளம் என்று பொருள்படும் ‘வள’ என்னும் சொல்லாலேயே வழங்குவர். இன்று அது பேராசிரியர் சரச்சந்திரரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. சரிவே இருக்கையாகவும் வானமே கூரையாகவும் அமைந்த அவ்விடத்தில், மண்டபத்துக்குரிய திரையும் இழுவையும் மிகையாகிவிடுகின்றன. சரச்சந்திரரின் ‘மனமே’ 1956 நவம்பரில் கொழும்பு லயனல் வெண்ட் அரங்கில் முதன்முறை ஆடப்பெற்றதாயினும், ‘மனமே’யும் 1961-இல் வந்த ‘சிங்கபாகு’வும் மக்கள் நினைவில் இப்பள்ளத்தோடு பிணைந்தே வாழ்கின்றன. அவற்றின் ஆட்டமும் பாடலும் திறந்தவெளியைத் தாங்கவல்லன என்பதே அதற்குக் காரணம்.

ஈண்டு ஒரு வரலாற்று முரணைச் சுட்டாது செல்லலாகாது. ‘மனமே’யின் வடிவம் சிங்கள நாட்டுப்புற ‘நாடகம’ மரபிலிருந்து எடுக்கப்பட்டது. அம்பலாங்கொடை மரபைச் சார்ந்த சார்லிசு சில்வா குணசிங்க குருவின் துணைகொண்டு சரச்சந்திரர் அதனை மீட்டார். அந்நாடகமவோ, தன் பெயரே காட்டுமாறு, தமிழ்க் கூத்தின் வழித்தோன்றல். கத்தோலிக்கத் தமிழ் நாடகங்களின் வாயிலாகச் சிங்களக் கரையோர ஊர்களிற் பரவியது. இதனைச் சரச்சந்திரரே தம் ஆராய்ச்சி நூலில் விளக்கியுள்ளார். ஆகவே, தமிழ்க் கூத்தின் கிளையொன்றைச் சிங்களப் பேராசிரியர் ஒருவர் தம் இனத்தின் நாடக வடிவமாக நிலைநாட்டிய பின்னரே, தமிழ்ப் பேராசிரியர் ஒருவர் அதன் அடிமரத்தை நோக்கித் திரும்பினார். இதில் நாணத்தக்கது ஒன்றுமில்லை. அண்டை வீட்டார் வியந்த பின்னரே தன் வீட்டுப் பொருளின் அருமை தெரிவது உலகியல். ஆனால் அந்த 1956-ஆம் ஆண்டு வேறொன்றையும் கண்டது. சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்னும் சட்டம் அவ்வாண்டிலேதான் நிறைவேறியது. இரண்டாண்டு கழித்து இனக்கலவரம் நிகழ்ந்தது. தமக்கெனத் தனித்த ஒரு கலைவடிவம் உண்டு என்று காட்டவேண்டிய நெருக்கடி தமிழ் மாணவர்க்கு உண்டாயிற்று. பேராதனைக் கூத்து முயற்சியை இந்நெருக்கடியிலிருந்து பிரித்துக் கலையாராய்ச்சியாக மட்டும் மதிப்பிடுதல் முறையாகாது.

வித்தியானந்தன் இப்பணியை இரு துறைகளில் ஆற்றினார். கலைக்கழகத் தமிழ் நாடகக் குழுவின் தலைவராய் ஊர்தோறும் கூத்துகளைக் கண்டு, அண்ணாவிமாரை ஒன்றுகூட்டி, ஏடுகளைப் பதிப்பித்தார். ‘அலங்காரரூபன் நாடகம்’ 1962-லும், ‘எண்டிரீக்கு எம்பரதோர் நாடகம்’ 1964-லும், ‘மூவிராசாக்கள் நாடகம்’ 1966-லும் அச்சேறின. மட்டக்களப்புத் தென்மோடியும் மன்னார்க் கத்தோலிக்க நாடகமும் இப்பதிப்புகளால் ஆராய்ச்சியாளர் கைக்கு எட்டின. இப்பதிப்புப்பணி ஒன்றே அவர் பெயரை நிலைநாட்டப் போதுமானது. ஆயினும் அது குறைவாகவே பேசப்படுகிறது. மற்றொரு துறை, பேராதனை மாணவரைக் கொண்டு கூத்தை மேடையேற்றியது. வடமோடியில் ‘கர்ணன் போர்’ 1962-லும், தென்மோடியில் ‘நொண்டி நாடகம்’ 1963-லும் ஆடப்பெற்றன. அடுத்து ‘இராவணேசன்’, அதன்பின் ‘வாலிவதை’ என அம்முயற்சி தொடர்ந்தது. கர்ணன் போருக்கு ஆட்டமும் பாட்டும் பயிற்றியவர் வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார். கர்ணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு, பின்னாளில் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களைப் பற்றிய விரிவான ஆராய்ச்சியைச் செய்தவரும் அவரே.

இனி, மேடையேற்றத்தில் நிகழ்ந்த மாற்றங்களைக் காண்போம். ஊர்க்கூத்து வட்டமான களரியில் நாற்புறமும் மக்கள் சூழ்ந்திருக்க ஆடப்பெறுவது. களரியின் நடுவே அண்ணாவியார் மத்தளத்தோடு நிற்பார்; தாளம் போடுவோரும் ஏடு பார்ப்போரும் அவர் மருங்கில் நிற்பர். கூத்தர் அவர்களைச் சுற்றி ஆடுவர். ஒரு பாத்திரம் களரிக்குள் வந்ததும் அதற்குரிய வரவு ஆட்டம் நிகழும். கூத்தர் பாட, நடுவில் நிற்போர் அதனை ஏற்று மீளப் பாட, அவ்விடைவெளியில் ஆட்டம் விரியும். அந்தி கழிந்து தொடங்கினால் விடியலில் முடியும். ஆடுவோர் பகலில் உழுவோரும் மீன் பிடிப்போரும் ஆவர். சட்டம் கொடுத்தல், சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல், அரங்கேற்றம் என்று படிப்படியாகத் திங்கள் பலவாகப் பயின்ற பின்னரே ஊர் அதனைக் காணும். பேராதனையில் இது படச்சட்ட மேடைக்கு வந்தது. இரவு முழுதும் நிகழ்ந்தது இரண்டு மணி நேர அளவிற் சுருங்கியது. ஒளியமைப்பு வந்தது. அண்ணாவியாரும் மத்தளமும் பிற்பாட்டுக்காரரும் நடுவிலிருந்து மேடையின் ஒரு புறத்துக்கு நகர்ந்தனர்.

இம்மாற்றங்களைப் போற்றியோர் கூறிய காரணம், கூத்தில் தேவையற்ற மீள்கூற்றுகள் மிகுதி, அவற்றைக் களைந்தமையால் நாடகத்தன்மை ஒளிபெற்றது என்பதாகும். கடிந்தோர் கூறியது, மேனாட்டு மேடைக்குக் கூத்து பலியிடப்பட்டது என்பது. இவ்விரு கூற்றும் நிறைவுடையன அல்ல.

முதலாவதை நோக்குவோம். மீள்கூற்று தேவையற்றதா? வட்டக்களரியில் ஒரு திசையை நோக்கிப் பாடியதை மற்றத் திசையினர்க்கும் பாட வேண்டும்; ஒரு திசையினர்க்கு ஆடிய ஆட்டத்தை மற்றையோர்க்கும் ஆடிக் காட்ட வேண்டும். தெப்பம் நாற்கரையும் சுற்ற வேண்டியிருப்பது போன்றதே இது. எனவே கூத்தின் நீளம், புலவர் சுருங்கச் சொல்ல அறியாமையாற் பிறந்ததன்று. பெரும்பாலும் அரங்கின் வடிவிலிருந்து பிறந்தது. அரங்கை மாற்றியவுடன் மீள்கூற்று தன் பயனை இழந்தது. பயனிழந்ததனைப் பின்னர் ‘மிகை’ என்று கண்டு களைந்தனர். ‘கூத்தில் மிகை இருந்தது, ஆதலின் சுருக்கினோம்’ என்பது காரண காரியத்தைத் தலைகீழாக நிறுத்துவது. ‘மேடை மாறியது, ஆதலின் மிகை உண்டாயிற்று’ என்பதே நேரிது. இவ்வுண்மையை ஒப்புக்கொண்டிருப்பின், ‘செம்மைப்படுத்தல்’ என்னும் சொல் அவ்வளவு எளிதாக வழக்கில் வந்திராது. செம்மை என்பது முன்பு கோணல் இருந்தமையைக் குறிக்கும் சொல்லன்றோ?

இரண்டாவது கூற்று ஒருமுக மேடையையே அயலது எனத் தள்ளுகிறது. சிலப்பதிகாரம் கற்றார்க்கு இது உடன்பாடாகாது. அரங்கேற்று காதை கூறும் அரங்கு எண்கோல் நீளமும் எழுகோல் அகலமும் ஒருகோல் உயரமும் உடையது; ஒரு கோல் இருபத்து நான்கு பெருவிரல் அளவினது. அதற்கு இரு வாயில்கள் உள. ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூவகைத் திரைகள் உள. தூணின் நிழல் இடையூறாகாவண்ணம் விளக்கு வைக்கும் முறையும் கூறப்பட்டுள்ளது. திரையும் ஒளியும் முன்புறமும் பின்புறமும் உடைய மேடை தமிழர்க்குப் புதிதன்று. பழையோர் வேத்தியல், பொதுவியல் என இருவகைக் கூத்து வகுத்தனர். ஒன்றுக்குரிய அரங்கு மற்றதற்கு ஒவ்வாது என்பதும் அவ்வகுப்பினுள் அடங்கும். ஆகவே பேராதனையில் நிகழ்ந்ததை அயல்மரபின் படையெடுப்பு என்பதைக் காட்டிலும், பொதுவியலை வேத்தியலாக்கிய செயல் என்பது பொருந்தும். வேந்தன் இருந்த இடத்தில் அன்று பல்கலைக்கழகம் இருந்தது, அவ்வளவே வேறுபாடு.

இருசாராரும் கருதாது விட்ட செய்தி அண்ணாவியார் நின்ற இடமே. வட்டக்களரியில் ஆசிரியர் நடுவில் நிற்கிறார். அவர் பார்வையாளர் கண்ணுக்கு மறைந்து நிற்பவர் அல்லர். கூத்தின் ஒரு பகுதியே ஆவர். அடி தவறிய கூத்தனைக் கண்ணாலும் மத்தளத்தாலும் அவர் திருத்துவதை ஊரார் காண்பர், அதனையும் சுவைப்பர். பாத்திரமும் பாத்திரத்தை ஆடுவோனும் அவனுக்கு ஆட்டங் கற்பித்தவரும் ஒரே வட்டத்துள் ஒருசேரத் தோன்றுவர். படச்சட்ட மேடைக்கு இது ஒவ்வாது. அங்கே நடுவிடம் கர்ணனுக்கும் இராவணனுக்கும் உரியது. ஆசிரியர் விளிம்புக்கு உரியவர். இடம் மாறியபோது உரிமையும் ஓரளவு மாறிற்று. ஊரில் அது ‘இன்ன அண்ணாவியாரின் கூத்து’. மண்டபத்தில் அது ‘இன்ன பேராசிரியரின் தயாரிப்பு’. இதனை யாம் குற்றச்சாட்டாகக் கூறவில்லை. வித்தியானந்தன் அண்ணாவிமாரைச் சிறப்பித்ததற்கும் அவர்களை அவையேற்றியதற்கும் சான்றுகள் பல. ஒருவரின் நன்னோக்கம் எத்துணைச் சிறந்ததாயினும், மேடை தனக்குரிய ஒழுங்கைத் தானே விதித்துவிடுகிறது என்பதனையே கூறுகின்றோம்.

இவ்வளவு கூறியதனால், பேராதனை முயற்சி தோல்வியுற்றது என்று யாம் கருதுவதாகக் கொள்ளற்க. ‘கர்ணன் போர்’ ஊர்ப்பனுவலைச் சுருக்கி மேடைக்கு இசைத்தது, ‘இராவணேசன்’ அவ்வாறன்று. மௌனகுரு வடமோடி ஆட்டமும் பாடலும் கொண்டு, அம்மேடைக்கென்றே புதிதாக யாத்தது அது. இராவணனை அரக்கனாகக் காட்டாது, தன் வீரத்துக்கும் தன் பிழைக்கும் இடையே நின்று அழியும் ஒரு மாந்தனாகக் காட்டுவது அதன் நோக்கம். இதற்கு ஒருமுக மேடை ஊறு செய்யவில்லை, துணையே செய்தது. ஒளி ஒருவன்மேற் குவியலாம். அமைதி ஒரு கணம் நீடிக்கலாம். தனிமையை மேடையின் வெற்றிடமே உணர்த்தலாம். வட்டக்களரியில் தனிமை என்பதொன்று இல்லை; நடுவே எப்போதும் ஐவர் அறுவர் நிற்பர். எனவே பேராதனையின் வெற்றியைக் கர்ணன் போரிற் காண்பதினும் இராவணேசனிற் காண்பதே தகும். முன்னது பழம்பொருளை இடம் பெயர்த்தது. பின்னது இடம் பெயர்ந்த மொழியிற் புதிதொன்றைச் சொல்லியது. நாடக வரலாறுகள் முன்னதற்கு ‘முதன்மை’ என்னும் காரணத்தால் மிகுந்த இடம் அளிப்பது ஆண்டுக்கணக்கின் மயக்கமே.

மேலும் ஒன்று. கர்ணன், இராவணன், வாலி ஆகிய மூவரும் போரில் வீழ்ந்தோர். மூவரும் காவியத்தில் எதிர்ப்பக்கத்தினர். இத்தேர்வு மரபுக்கூத்தின் கதைக்களஞ்சியத்திலிருந்து இயல்பாக எழுந்ததேயாயினும், 1956-க்குப் பிற்பட்ட ஆண்டுகளில் தமிழ் மாணவர் அவையில் அது வேறோர் ஓசையையும் எழுப்பியிருக்கும். இதனை மிகைப்படுத்தி ஒவ்வொரு பாடலிலும் அரசியல் காண்பது ஆராய்ச்சியாகாது. முற்றும் மறுப்பதும் ஆராய்ச்சியாகாது.

மாணவர் அரங்குக்கே உரிய மற்றொரு குறைபாடு உண்டு. அது எந்த நாட்டுக்கும் பொது. மூன்றாண்டோ நான்காண்டோ கழிந்தால் நடித்தோர் பட்டம் பெற்றுப் பிரிந்துவிடுவர். ஊரில் இளமையில் ஒரு வேடம் ஆடியவன் முதுமையில் அவ்வேடத்தைத் தன் மகனுக்குப் பயிற்றுகிறான். பல்கலைக்கழகத்திலோ ஒவ்வொரு முறையும் சட்டம் கொடுத்தலிலிருந்தே தொடங்க வேண்டும். அரங்க வசதி என்றவுடன் விளக்கையும் இருக்கையையும் எண்ணும் நாம், ஒத்திகைக்கு நிலையான ஓரிடம் உண்டா, உடையும் கிரீடமும் மத்தளமும் அடுத்த தலைமுறைக்காக எங்கே வைக்கப்படுகின்றன, அண்ணாவியார் ஆண்டுதோறும் வந்து தங்க வழியுண்டா என்பவற்றை வினவுவதில்லை. பேராதனையில் எழுந்த கூத்தலை 1960-களோடு பெரிதும் அடங்கியதற்கு ஆசிரியரும் மாணவரும் இடம் பெயர்ந்ததே காரணம் என்பர். இடம் பெயர்ந்தோருடன் கலையும் பெயர்ந்துவிடுமாயின், அக்கலை ஆங்கே வேரூன்றும் வசதியைப் பெறவில்லை என்பதே பொருள்.

அலை பெயர்ந்து சென்ற இடங்களையும் நோக்குதல் வேண்டும். 1974-இல் யாழ்ப்பாணத்திற் பல்கலைக்கழக வளாகம் தோன்றியது. அது பல்கலைக்கழகமான பின்னர் வித்தியானந்தனே அதன் துணைவேந்தராயினார். அங்கே 1985-இல் குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதிய ‘மண் சுமந்த மேனியர்’ க. சிதம்பரநாதனின் நெறியாள்கையிற் பல்கலைக்கழக மாணவரால் ஆடப்பெற்றது. போர் சூழ்ந்த அக்காலத்தில் அந்நாடகம் மண்டபத்துள் அடங்கியிராது ஊர்களுக்கும் சென்றது. ஊர்க்களரியிலிருந்து மண்டபத்துக்குப் பேராதனை சென்ற வழியில், யாழ்ப்பாணம் மண்டபத்திலிருந்து ஊரை நோக்கி எதிர்த்திசையிற் சென்றது எனலாம். மட்டக்களப்பிலோ 1981-இற் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986-இல் முழுமை பெற்ற கிழக்குப் பல்கலைக்கழகம், வந்தாறுமூலையில், செல்லையா அண்ணாவியாரின் ஊரிலேயே அமைந்தது. அப்பல்கலைக்கழகத்தில் மௌனகுரு இராவணேசனை மீளவும் புதுக்கினார். அதே பல்கலைக்கழகத்தைச் சார்ந்த சி. ஜெயசங்கர், கூத்தை மண்டபத்துக்குக் கொண்டுவருவதை மறுத்து, சீலாமுனை ஊரார் தம் களரியிலேயே தாமே கூடிப் பேசி அதனை மீளுருவாக்க வேண்டும் என்ற கருத்தைச் செயற்படுத்தினார். இவ்விரு நெறிக்கும் இடையே எழுந்த வாதம் கடுமையானது. ஆயினும் அது வட்டக்களரியைக் கண்ணெதிரே கொண்டோர் இருவரிடையே நிகழ்ந்தமையால் பயனுடையதாயிற்று.

மதுரைப் பகுதியில் இத்தகைய வாதம் எழுவதற்குரிய சூழல் பிந்தியே வந்தது. 1977-இல் காந்திகிராமத்தில் நிகழ்ந்த நாடகப் பயிற்சிப் பட்டறையும், 1978-இல் மு. இராமசுவாமி மதுரையில் தொடங்கிய நிஜ நாடக இயக்கமும் மாணவரையும் ஆராய்ச்சியாளரையும் மரபு அரங்கின்பால் திருப்பின. இராமசுவாமி தோற்பாவை நிழற்கூத்தை ஆராய்ந்தவர். ஆய்வும் அரங்கும் ஒருவரிடத்தே கூடியது இந்நகர்க்கு நற்பேறாயிற்று. ஆனால் 1966-இல் தோன்றிய பல்கலைக்கழகத்தைச் சூழ்ந்த ஊர்களில் சங்கரதாஸ் சுவாமிகளின் வழிவந்த ஸ்பெஷல் நாடகம் திருவிழாதோறும் இன்றும் ஆடப்பெறுகிறது. தமிழ்த் துறை மாணவர் அதனைக் காணச் செல்வது அரிது. ஆய்வேட்டுக்குத் தேவை நேரின் மட்டுமே செல்கின்றனர்.

செல்வோர் ஒன்றைக் காண்பர். ஸ்பெஷல் நாடகம் ஒருமுக மேடையில் நிகழ்வது. ஆர்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் மேடையின் ஒரு புறத்தில், அவையோர் கண்ணுக்குத் தெரியுமாறு அமர்ந்திருப்பர். பபூன் வந்ததும் முதலில் அவர்களோடுதான் பேசத் தொடங்குவான். கேட்பான், எள்ளுவான், வழக்காடுவான். ஆர்மோனியக்காரர் மறுமொழி கூறுவார். விளிம்பில் அமர்ந்திருப்பவர் அந்நேரத்தில் நாடகத்தின் நடுவுக்கு வந்துவிடுகிறார். ஒருமுக மேடையில் அண்ணாவியார்க்கு இடமில்லை என்று மேலே கூறினோம். அது முழுதும் சரியன்று என்பதனை இவ்வூர்மேடை காட்டுகிறது. பேராதனையில் மத்தளத்தைப் பக்கத்தில் அமர்த்தியபோது, கட்டியகாரனை அதன்பக்கம் திரும்பி இரண்டு சொற் பேசச் செய்திருக்கலாம்.